சட்டத்துக்கு அடியில் ஓர் இதழ்

லியோன், மோன்பிளேசிர்
27 மே 1889, திங்கள்

ஃபிலிபெர்த்,

நீ வரைந்த பூ என்ன நிறம்? இதற்கு மட்டும் பதில் எழுது. சௌக்கியமா, பாரிஸில் மழையா என்றெல்லாம் கேட்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நேற்று ரோஜா சங்கத்துக் கூட்டம். பக்கத்து வீட்டுப் பெரஷோன் ஒரு புது ரோஜாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கருஞ்சிவப்பு. இதழின் அடியில், நாங்கள் நகம் என்று சொல்லும் இடத்தில், சுத்த மஞ்சள். அது அப்பாவின் ரோஜா! அப்பா விதை போட்டு முளைக்கவைத்து, உலகத்தில் ஒரே ஒரு செடியாக நின்று, எழுபத்தொன்பது டிசம்பர்ப் பனியில் செத்துப்போனதே, அதே ரோஜா. அப்பா சொன்னபடி நான்தான் அடியில் மண் அணைத்து வைக்கோல் போர்த்தினேன். அப்படியும் செத்தது. செத்த செடி பெரஷோன் கையில் எப்படிப் பூக்கும்? அதற்கு அவன் வைத்திருக்கும் பெயரைக் கேள். ‘பெனுவாத் பெரஷோன்’. தன் செத்துப்போன பெண்டாட்டியின் பெயர்.

நான் எழுந்து நின்றேன். “இது எங்கப்பா ஜோவனி தெவனாரோட ரோஜா. திருட்டு!” என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “ஆதாரம் இருக்கா?” என்றார். இல்லாமல் என்ன! செடி உயிரோடு இருந்தபோது, எழுபத்தொன்பது செப்டம்பரில், நீ எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. “என் தங்கச்சி வரைஞ்சது இருக்கு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு இருக்கு” என்று மார்தட்டினேன். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடி, படத்தைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். நாற்பது பேர் முன்னால் விரிப்பை உருவினேன்.

வெள்ளை.

சுத்த வெள்ளையாக இருந்தாலாவது பரவாயில்லை. சலவைக்காரி நீலத்தை அள்ளிக் கொட்டிய துணி மாதிரி ஒரு செத்த வெள்ளை. என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. யாரோ ஒருத்தன், “தெவனார், உங்கப்பா வளர்த்தது ரோஜாவா, காலிஃப்ளவரா?” என்றான். கூடமே சிரித்தது. பெரஷோன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து உன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டான். ஜெயித்தவனுக்குப் பேச்சு எதற்கு?

தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சூப் குடிக்கிறேன். ஏன் கவனிக்கவில்லை என்று நீ கேட்பாய். சுவரில் மாட்டியதை யார் பார்க்கிறார்கள்?

நேராகவே கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பையன் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய விழாவுக்கு வந்தாயே, மூன்று நாள் கூடத்தில் தனியாகப் படுத்தாயே, அப்போது அதைத் தொட்டாயா? பெரஷோன் உன்னிடம் பேசினானா? அப்பா போன பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, “உன் பூவெல்லாம் ஒரு வாரம். என் பூ நூறு வருஷம் இருக்கும்” என்று சொன்னவள் நீ. இருக்கிற லட்சணத்தை நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

ஜூன் பதினாறு ஞாயிறு மறுபடி கூட்டம். அதற்குள் ஆதாரம் இல்லையென்றால் ரோஜா அவன் பெயரில் பதிவாகிவிடும். அப்பா என்று ஒருவர் இருந்ததற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரி கூட இருக்காது.

அந்தெல்ம்


பாரிஸ், பத்திஞோல்
29 மே 1889

அண்ணா,

சிவப்பு.

நீ கேட்டதற்குப் பதில் ஆயிற்று. இத்தோடு மூடி ஒட்டிவிடலாம் என்று இரண்டு முறை உறையை எடுத்தேன். மனசு ஆறவில்லை. என்னைத் திருடி என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது? பெரஷோன் மாமாவோடு சேர்ந்து அப்பாவின் பூவையே அழித்தேனா? அந்த மூன்று நாளும் கூடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ என்னோடு பேசுவாய் என்று உட்கார்ந்திருந்தேன். நீ தோட்டத்திலேயே சாப்பிட்டாய்.

எனக்கு ஒவ்வொரு தடவலும் நினைவிருக்கிறது. பழைய மஞ்சிட்டி வேர்ச் சிவப்பில் அப்பாவின் ரோஜா வரவில்லை. மங்கலாக, ஒயின் கறை மாதிரி இருந்தது. அப்போதுதான் கடைக்கு ஒரு புதுச் சிவப்பு டியூபில் வந்திருந்தது. ஜெரேனியம் சிவப்பு என்றார்கள். அதை ஒரு பொட்டு வைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அப்படிப் பற்றி எரிந்தது. அப்பா வந்து எட்டிப் பார்த்து, “ஜன்னலைச் சாத்து. தேனீ வந்து முட்டிக்கப் போகுது” என்றார். அப்பாவிடம் அதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை, நீ உள்பட.

அந்தப் படத்தில்தான் என் பிழைப்பே தொடங்கியது. இன்றைக்கு இங்கே என்னை ‘சிவப்பு ரோஜாக்காரி’ என்கிறார்கள். இந்த வருடக் கண்காட்சியில் இரண்டு படம் தொங்குகிறது. கூரைக்குப் பக்கத்தில், கழுத்து ஒடிய நிமிர்ந்து பார்க்க வேண்டும், ஆனாலும் தொங்குகிறது. அப்படிப்பட்டவள் வெள்ளை ரோஜா வரைந்துவிட்டுச் சிவப்பு என்று சொல்வேனா?

அண்ணியைக் கேள். சோப்புப் போட்டுத் துடைத்தாளா? எண்ணெய்ப் படத்தைச் சாப்பாட்டு மேசை மாதிரி தேய்க்கிறவர்கள் உண்டு.

ஃபிலிபெர்த்


மோன்பிளேசிர்
31 மே

ஃபிலிபெர்த்,

உன் அண்ணி சோப்புப் போடவில்லை. இறகு விசிறியால் தூசி தட்டியதோடு சரி. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். ரொம்ப நன்றி.

அவள் அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். படத்தைத் தோட்டத்து வெளிச்சத்தில் சாய்த்து வைத்து நானும் பார்த்தேன். இலையெல்லாம் அப்படியே பச்சையாக இருக்கிறது. கண்ணாடிக் குவளை, தண்ணீர், மேசைத் துணி, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. இதழ் அடியில் அந்த மஞ்சள் நகம் கூட நேற்று வைத்த மாதிரி இருக்கிறது. சிவப்பு மட்டும் இல்லை. யாரோ உட்கார்ந்து சிவப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். துடைத்த சுவடு இல்லை, சுரண்டிய கீறல் இல்லை. உன் தூரிகைத் தடம் ஒவ்வொன்றும் தெரிகிறது.

நீ செய்யவில்லை என்றால் யார் செய்தது? எனக்குப் பயமாக இருக்கிறது. சாமியாரைக் கூப்பிடலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள். படத்துக்குப் பேய் ஓட்டினேன் என்று சங்கத்தில் தெரிந்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

அந்தெல்ம்


பத்திஞோல்
4 ஜூன்

அண்ணா,

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். முதலில் அதைச் சொல்லிவிட்டு மேலே படி.

சிவப்பு மட்டும் இல்லை என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் தொப்பியை எடுத்தேன். அன்றைக்கே பாஸி பக்கம் மதாம் வியால் வீட்டுக்குப் போனேன். எண்பத்திரண்டில் அவர்கள் சாப்பாட்டு அறைக்கு ஒரு கூடை சிவப்புப் பியோனிப் பூ வரைந்து கொடுத்தேன். தெற்கே பார்த்த அறை, ஆள் உயர ஜன்னல்கள். உள்ளே காலை வைத்தேன். அண்ணா, அது என் படமே இல்லை! ஒரு கூடை நிறைய எலும்பு நிற உருண்டைகள். கீழே என் கையெழுத்து.

மதாம் வந்தார். நான் பேய் அறைந்த மாதிரி நிற்பதைப் பார்த்து, “என்ன மத்முவாசெல், உங்க படத்தையே நீங்க இப்படிப் பாக்கறீங்க?” என்றார்.

“மதாம், இந்தப் பியோனி... நான் குடுத்தப்ப என்ன நிறம்?”

“இதென்ன கேள்வி? வெள்ளைதான். சுவர்க் காகிதத்துக்கு என்ன பொருத்தம்! வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க.”

அவர் மறந்துவிட்டார். தினமும் அதன் கீழே சாப்பிட்டுச் சாப்பிட்டு, சிவப்பு இருந்ததே அவருக்கு நினைவில்லை. காபி வந்தது, குடித்தேன். உண்மையைச் சொல்லாமல் படி இறங்கி வந்துவிட்டேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்று அந்தப் படிக்கட்டில் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து நேராக வண்ணக் கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அது சாயத்துல செஞ்ச சிவப்பு. டியூபுக்குள்ள இருக்கற வரைக்கும் ராஜா. வெளிச்சத்துல வெச்சா அஞ்சு வருஷம், பத்து வருஷம், போயிடும். உங்களுக்குத் தெரியாதா?” என்றார். “ஏன் சொல்லலை?” என்றேன். “நீங்க கேக்கலியே, மத்முவாசெல். நல்லா எரியுது, இன்னும் குடுங்கன்னுதானே கேட்டீங்க” என்றார்.

பத்து வருடம் அண்ணா! நான் வரைந்த ஒவ்வொரு ரோஜாவும், ஒவ்வொரு பியோனியும் யார் யார் வீட்டுச் சுவரிலோ இந்த நிமிடமும் வெளுத்துக்கொண்டிருக்கிறது. ஒருவரும் தொடாமலே. நூறு வருடம் இருக்கும் என்று உன் வாசலில் நின்று சொன்ன வாய் இது.

என்னைப் பற்றி அழுதது போதும். உன் காரியத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தில் குவளைக்குக் கீழே ஓர் இதழ் உதிர்ந்து கிடக்கும். வரைகலைப் பள்ளியில் எங்கள் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்தார். பூவின் எந்தப் பாகமும் படத்தைச் சுற்றிய மரச்சட்டத்துக்கு அடியில் போகக்கூடாதாம். லியோனில் அது சின்னக் குழந்தைக்குத் தெரிந்த விதியாம். அந்த இதழின் நுனியை நான் ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தேன். சட்டம் போட்டதும் நுனி உள்ளே போய்விட்டது. அங்கே வெளிச்சம் பட்டிருக்காது.

சட்டத்தைக் கழற்று. பின்பக்கம் எட்டு ஆணி. சுத்தியலால் அடிக்காதே, குறடு வைத்து இழு. அறையை இருட்டாக வைத்துக்கொள். என்ன தெரிகிறது என்று எழுது. ஒன்றும் தெரியாவிட்டாலும் எழுது.

ஃபிலிபெர்த்


மோன்பிளேசிர்
7 ஜூன்

ஃபிலிபெர்த்! இருக்கிறது! இருக்கிறதடி!

ஒரு விரல் அகலம். உதிர்ந்த இதழின் நுனியில், சட்டம் மூடியிருந்த இடத்தில் கோடு போட்ட மாதிரி. அதற்கு மேலே அந்த வெளுத்த வெள்ளை, அதற்குக் கீழே சிவப்பு. உன் அண்ணி வீல் என்று கத்தினாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே இதழ், பாதி பிணம், பாதி உயிர். பத்து வருடத்துக்கு அப்புறம் அந்த நிறத்தை நம் வீட்டுக்குள் பார்க்கிறேன். பெரஷோன் மேசையில் வைத்த பூவின் சிவப்பேதான், நூல் பிசகவில்லை. அப்பாவே வந்து தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

உன்னைச் சந்தேகப்பட்டேன். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுத வராததை அப்படியே விட்டுவிடுகிறேன். நீ புரிந்துகொள்.

பதினாறாம் தேதி பார். சட்டத்தை மாட்டிய படியே கொண்டுபோவேன். எல்லோரும் சிரிக்கட்டும், காலிஃப்ளவர் என்று கத்தட்டும். அப்புறம் அவர்கள் கண் முன்னால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்குவேன். பெரஷோனைச் சங்கத்திலிருந்து நீக்கச் சொல்வேன். இந்தத் தொழிலில் விதைச்செடி திருடியவனுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள், ஒயின் கடையில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். கிழவன் அந்த அவமானத்தோடே சாகட்டும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. எப்படித் திருடினான்? அப்பா அந்தச் செடியிலிருந்து ஒரு குச்சி வெளியே விட்டதில்லை. சுற்றிலும் வேலி. எங்கிருந்து கிடைத்தது அவனுக்கு?

உன் அண்ணன்
அந்தெல்ம்


பத்திஞோல்
9 ஜூன்

அண்ணா,

உன் கடைசிக் கேள்வியைப் படித்தபோது கையில் தூரிகை இருந்தது. அதைக் கழுவாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எழுந்து போய்ப் படத்தைப் பார். சிவப்பைப் பார்க்காதே, காம்பைப் பார். எவ்வளவு நீளம்? எத்தனை இலை?

புதுச்செடியில் பூவை ஓர் இலையோடு குட்டையாகக் கிள்ள வேண்டும் என்று அப்பா நமக்கு நடை பழகும்போதே சொல்லித் தந்திருக்கிறார். அன்றைக்கு அவர் சந்தைக்குப் போயிருந்தார். நான் படத்துக்காக வெட்டினேன். உயரமான குவளையில் குட்டைக் காம்பு வைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அதனால் நீளமாக வெட்டினேன். மூன்று இலை. ஒவ்வோர் இலைக்கும் அக்குளில், துளிர் கிளம்பும் ஒரு கண். நல்ல முற்றிய கண்கள். காட்டு ரோஜாத் தண்டில் ஒட்டுக் கட்ட ஒரு கண் போதும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய தூரிகையால் அந்த மூன்றையும் ஒன்று ஒன்றாக வரைந்தவள் நான். நிழல் வைத்தேன், மினுக்கு வைத்தேன். அது என்ன என்று யோசிக்கவே இல்லை. ரோஜாக்காரன் பெண்!

நாலாம் நாள் வரைந்து முடித்தேன். பூ இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அப்போது பக்கத்து வீட்டுப் பெனுவாத் மாமி படுத்த படுக்கை, இன்றோ நாளையோ என்றார்கள். குவளையோடு தூக்கிக்கொண்டு போய் அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். “இது எனக்கா? எனக்கேவா?” என்று கேட்டாள். “உங்களுக்குத்தான்” என்றேன்.

பெரஷோன் மாமா திருடவில்லை அண்ணா. நான் கொடுத்தேன். நீ தேடும் திருடி உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இதை மறைத்துக் கூட்டத்தில் அவரைத் திருடன் என்று சொல்லாதே. நீ சொன்னால் நானே சங்கத்துக்கு எழுதுவேன். மிரட்டவில்லை, கெஞ்சுகிறேன். இன்னொன்று, சட்டத்தை உடனே மாட்டிவிடு. வெளிச்சத்தில் வைத்தால் அந்த ஒரு விரலும் போய்விடும்.

ஃபிலிபெர்த்


மோன்பிளேசிர்
12 ஜூன்

ஃபிலிபெர்த்,

உன்மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? உன் கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, படத்தையும் தூக்கிக்கொண்டு நேராகப் பெரஷோன் வீட்டுக்குப் போனேன். கொடுத்தது பூ, எடுத்தது கண், அது திருட்டில்லாமல் வேறென்ன என்று கேட்கத்தான் போனேன். அந்த வாசலை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ.

கிழவன் தோட்டத்தில் ஒட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நான் படத்தை நீட்டியதும் சட்டத்தைப் பார்க்கவில்லை, சிவப்பைப் பார்க்கவில்லை. விரலால் அந்தக் காம்பைத் தொட்டான்.

“இந்த நடுக் கண்ணுதான் பிடிச்சது. மத்த ரெண்டும் கருகிடுச்சு. அன்னிக்குக் கூட்டத்துல பாத்ததும் எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அப்படியே வெச்சிருக்கா உன் தங்கச்சி” என்றான்.

“அப்ப ஒத்துக்கறீங்களா?”

“எதைடா ஒத்துக்கறது? பூ வாடப் போகுதுன்னு என் பெனுவாத் அழுதா. இது போயிட்டா நானும் போயிடுவேன்னா. சாகப் போறவ பேச்சுன்னு ஒரு தொட்டியில ஒட்டுக் கட்டி, கண்ணாடி வீட்டுக்குள்ள வெச்சேன். இது உங்கப்பனோட செடின்னே அப்ப எனக்குத் தெரியாது. பனி வந்துச்சு. ஊர்ல பாதி ரோஜா செத்துச்சு. இது துளிர்த்துச்சு. அவளும் அஞ்சு வருஷம் இருந்தா. நான் போறதுக்குள்ள அவ பேர்ல பதியணும்னுதான் இப்பக் கொண்டுவந்தேன்.”

“அப்பா கிட்டச் சொல்லியிருக்கலாமே!” என்று கத்தினேன்.

கிழவன் கத்தியை மடக்கினான். “சொல்லாம? உங்கப்பனே வந்தான்டா. ஏப்ரல்ல, வேலிகிட்ட. இலையப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டான். நான் தொட்டியோட தூக்கிட்டுப் போய், எடுத்துக்கோ ஜோவனி, உன்னோடதுன்னேன். அவன் கையால கூடத் தொடலை.”

இனிமேல் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நான் மனுஷனே இல்லை.

“உங்கப்பன் சொன்னது இது. ‘பையன் வைக்கோல் போடலை, பெரஷோன். போட்டேன்னான். கட்டு அவுக்காம கொட்டகையில இருந்துச்சு. பொண்ணு காம்பை நீளமா வெட்டிக் குடுத்துட்டா. இதை நான் இப்பத் திருப்பி எடுத்துட்டுப் போனா, செத்ததுக்கு இவன்தான் காரணம்னு அவளுக்குத் தெரிஞ்சுடும், வெளிய போனதுக்கு அவதான் காரணம்னு இவனுக்குத் தெரிஞ்சுடும். ஆயுசு பூரா ஒருத்தரை ஒருத்தர் குத்திக் கிழிச்சுக்குவாங்க. உங்கிட்டயே இருக்கட்டும். யாருக்கும் சொல்லாதே.’ சத்தியம் வாங்கிட்டுப் போனான். அதான் நீ என்னைத் திருடன்னு நாப்பது பேர் முன்னாடி சொன்னப்பக் கூட நான் வாயத் தொறக்கலை.”

ஃபிலிபெர்த், அது உண்மை. நான் வைக்கோல் போடவில்லை. டிசம்பர் எட்டு, ஊரே மாதாவுக்கு ஜன்னல் ஜன்னலாக விளக்கு வைக்கிற நாள். நண்பர்கள் வந்து கூப்பிட்டார்கள். அப்பா, “போறதுக்கு முன்னாடி புதுச்செடியை மூடிட்டுப் போ” என்றார். “மூடியாச்சு” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வந்து மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒயின் குடித்தேன், வரவில்லை. காலையில் செடி கறுத்துப்போய் நின்றது. அதற்கு அப்புறம் ஓடிப்போய் மண் அணைத்தேன், யாரும் பார்ப்பதற்கு முன்னால். பத்து வருடமாக ‘அப்படியும் செத்தது’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. உனக்கு மே மாசம் கூட அப்படியே எழுதினேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏப்ரலிலிருந்து அவர் கண்ணை மூடிய நவம்பர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. தினமும் என் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்ய? சட்டத்தைக் கழற்றினால் ஜெயித்துவிடுவேன். நீ சொல்.

அந்தெல்ம்


பத்திஞோல்
14 ஜூன்

அண்ணா,

இரண்டு நாளாக ஒன்றும் ஓடவில்லை.

அந்தக் கோடை முழுக்க அப்பா என்னோடு அதிகம் பேசவில்லை. நான் பாரிஸுக்குப் போக ஆசைப்படுவது பிடிக்காமல் ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் கிளம்பினேன். அவர் ஒதுங்கவில்லை. வாயைத் திறந்தால் வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். அப்படிப் பாதுகாத்தும் நாம் என்ன செய்தோம்? குத்திக் கிழித்துக்கொள்ளக் காரணம் கூட நமக்குத் தேவைப்படவில்லையே.

நீ கேட்டதற்குப் பதில். ரோஜாவின் பெயர் பெனுவாத் மாமியின் பெயராகவே இருக்கட்டும். அது அவளுக்குக் கொடுத்தது. கொடுத்ததை நான் திருப்பிக் கேட்க மாட்டேன். மற்றதை நீ முடிவு செய். நீ பொய் சொன்னாய் என்று எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

நேற்று மறுபடி மதாம் வியால் வீட்டுக்குப் போனேன். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஆளைக் கூப்பிட்டுச் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். ஓரத்தில் ஒரு நூல் சிவப்பு. மதாம் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “இனி இதைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்காது, எடுத்துட்டுப் போங்க” என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக்கு அடுத்த வீடு. சொல்லாமல் இருக்க அப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு இல்லை. எல்லா வீட்டுக்கும் போய் முடித்த பிறகு என்னிடம் யாராவது பூ வாங்குவார்களா என்று தெரியாது.

பெரஷோன் மாமா சம்மதித்தால் அந்த ரோஜாவில் ஒன்றை ரயிலில் அனுப்பு. ஈரப் பாசியில் சுற்றி அனுப்பினால் தாங்கும். பழைய மஞ்சிட்டிச் சிவப்பில் ஒரு முறை வரைந்து பார்க்கிறேன். மங்கலாகத்தான் வரும். ஆனால் இருக்கும்.

ஃபிலிபெர்த்


மோன்பிளேசிர்
17 ஜூன், திங்கள்

ஃபிலிபெர்த்,

படத்தை நான் கொண்டுபோகவில்லை. சட்டத்தை மாட்டி, ஜன்னல் இல்லாத நடையில் சுவர்ப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டிருக்கிறேன்.

தலைவர், “ஆதாரம் எங்கே, தெவனார்?” என்றார். கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. நான் எழுந்து, “எங்கப்பா விதைச்ச ரோஜாதான். நான் மூடாம கொன்னுட்டேன். பெரஷோன் காப்பாத்தினார். நான் சொன்ன திருட்டுங்கற வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன்” என்றேன். நாற்பது ரோஜாக்காரர்கள், ஃபிலிபெர்த். எழுபத்தொன்பதில் பனியில் பாதித் தோட்டம் இழந்தவர்கள் அதில் எத்தனை பேர்! ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். நீ காம்பு கொடுத்ததை மட்டும் நான் சொல்லவில்லை. அப்பா அதை மறைத்தார், நான் எதற்குத் திறக்க வேண்டும்?

பதிவேட்டில் ரோஜாவின் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதை உண்டாக்கியவர் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். எழுத்தர் ‘பெனுவாத் பெரஷோன்’ என்று எழுதி, குறியைத் திறந்து, தலையைத் தூக்கினார்.

கிழவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “தெவனார்னு போடுங்க” என்றான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீ சும்மா இருடா, வைக்கோல் போடாத பயலே. உனக்கா குடுக்கறேன்? ஜோவனிக்குக் குடுக்கறேன்” என்று எல்லோர் முன்னாலும் கத்தினான். என்னை மன்னிக்கவில்லை. இன்று காலையிலும் வேலிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனான்.

ஆனால் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து வேலிமேல் ஒரு பூவை வைத்துவிட்டுப் போனான். நீ கேட்டதை நேற்றே சொல்லியிருந்தேன். இந்தப் பெட்டியில் பாசிக்குள் இருப்பது அதுதான். தண்ணீரில் வைத்தபிறகு நன்றாகப் பார். காம்பை நீளமாகத்தான் வெட்டியிருக்கிறான். மூன்று இலை, மூன்று கண்.

வரைந்து முடித்ததும் பக்கத்து வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் கிடந்தால், குவளையோடு கொடுத்துவிடு.

உன் அண்ணன்
அந்தெல்ம்